தினமும் நடந்தும் எடை குறையல, நடையை விட்டுடலாமா?

ஈரமண்:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

எனக்கு 43 வயசு. எட்டு மாசத்துக்கு முன்னாடி எடை 82 கிலோ இருந்துச்சு. ஹெச்பிஏ1சி டெஸ்ட் (ரத்தத்துல ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுறது) எடுத்ததுல 6.0 வந்துச்சு, இது சர்க்கரை நோய் இல்ல ஆனா அதுக்கு முந்தின படின்னு டாக்டர் சொன்னாங்க. எங்கப்பாவுக்கு சர்க்கரையாலதான் கிட்னி போச்சு, கடைசி மூணு வருஷம் அவர் பட்ட பாட்டை பக்கத்துல இருந்து பாத்தவன் நான், அதனால அன்னிக்கே பயந்துபோய் நடக்க ஆரம்பிச்சேன். தினமும் 4 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். காய்ச்சல் வந்த நாலஞ்சு நாளைத் தவிர ஒரு நாள்கூட விட்டதில்ல.

எட்டு மாசத்துல குறைஞ்சது வெறும் 2 கிலோ. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரின்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, என் நடைக்கு ஒரு நாளைக்கு 160 கலோரி போகுதுன்னு வெச்சாலும் இந்நேரம் 5 கிலோ போயிருக்கணும். நான் ஏதோ தப்பு பண்றேனோன்னு மண்டை காயுது.

இந்த நேரத்துல ஹெர்மன் பான்ட்சர்னு ஒரு ஆராய்ச்சியாளரைப் பத்தி படிச்சேன். தான்சானியாவுல வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழுற ஹட்சா மக்களும், நாள் முழுக்க சேர்ல உட்கார்ந்து வேலை பாக்குறவங்களும் ஒரு நாளைக்கு செலவழிக்கிற கலோரி ஏறக்குறைய ஒண்ணுதான்னு அவர் அளந்து காட்டியிருக்காராம். படிச்சதும் மனசே விட்டுப்போச்சு. இது உண்மையா? உண்மைன்னா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நான் நடக்கிறதுக்கெல்லாம் அர்த்தமே இல்லையா? நடையை விட்டுட்டு சாப்பாட்டை மட்டும் பாத்தா போதுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தூரத்துமேகம்:

உண்மைதாங்க. நானும் மூணு வருஷம் ஓடிப் பாத்துட்டு சொல்றேன், ஓடிட்டு வந்தா பசிதான் கூடுது. வாயைக் கட்டினா எடை குறையும், கட்டலைன்னா குறையாது, அவ்வளவுதான் விஷயம். அந்த முக்கால் மணி நேரம் நல்லா தூங்குங்க, உடம்புக்கு அதாவது கிடைக்கட்டும்.

நீரோட்டம்:

தூரத்துமேகம் சொல்றதுல பாதி சரி, மீதிப் பாதி ஈரமண் சார் மாதிரி சர்க்கரை எல்லையில நிக்கிறவங்களுக்கு ஆபத்தான அறிவுரை. நான் உடலியல் படிச்சவ, மனுஷ உடம்பு எவ்வளவு எனர்ஜி செலவழிக்குதுன்னு அளக்குற வேலையில சில வருஷம் இருந்திருக்கேன், அதனால பான்ட்சர் என்ன சொன்னார், என்ன சொல்லவே இல்லைங்கிறதை விளக்கிடுறேன்.

முதல்ல எப்படி அளந்தாங்கன்னு தெரியணும், ஏன்னா அந்த ஆராய்ச்சியோட உயிரே அதுலதான் இருக்கு. டபுளி லேபிள்டு வாட்டர்னு பேரு. பாக்க, குடிக்க சாதாரண தண்ணிதான், ஆனா அதுல இருக்குற ஹைட்ரஜன்ல கொஞ்சம் டியூட்டீரியமாவும், ஆக்சிஜன்ல கொஞ்சம் ஆக்சிஜன்-18 ஆவும் இருக்கும், அதாவது அதே அணுக்களோட கொஞ்சம் கனமான வகை, கதிர்வீச்சு எதுவும் கிடையாது. அதைக் குடிச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடலாம், ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு அப்பப்போ சிறுநீர் மட்டும் குடுத்தா போதும். ஹைட்ரஜன் உடம்பை விட்டு தண்ணியா மட்டும்தான் போகும், ஆக்சிஜன் தண்ணியாவும் போகும், மூச்சுல கார்பன் டை ஆக்சைடாவும் போகும். ஆக ரெண்டும் குறையுற வேகத்துல இருக்குற வித்தியாசத்தை வெச்சு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விட்டாங்கன்னு தெரிஞ்சுக்கலாம், அதுல இருந்து எவ்வளவு எனர்ஜி எரிஞ்சுதுன்னு கணக்கு வந்துடும். நேதன் லிஃப்சன்னு ஒருத்தர் 1950கள்ல கொண்டுவந்த முறை, 1982ல டேல் ஷோலர் அதை மனுஷங்ககிட்ட செஞ்சு காட்டினார். யாரையும் ரூம்ல அடைச்சு வெக்காம, அவங்க நிஜ வாழ்க்கையிலேயே வெச்சு அளக்க முடியுறதுதான் இதோட பெரிய பலம்.

பான்ட்சர் குழு 30 ஹட்சா பெரியவங்களை இப்படி அளந்து 2012ல வெளியிட்டாங்க. ஆம்பளைங்க ஒரு நாளைக்கு 11 கிலோமீட்டருக்கு மேல நடக்குறாங்க, பொம்பளைங்க கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். இருந்தும் உடம்பு அளவைச் சரிக்கட்டிப் பாத்தா ஒரு நாளோட மொத்தச் செலவு நகரத்துல வாழுறவங்களை விட கூட இல்ல. அப்புறம் 2016ல அஞ்சு வேற வேற மக்கள் கூட்டத்துல 332 பேரை வெச்சுப் பாத்தாங்க, அசைவு ரொம்ப கம்மியா இருக்குறவங்களுக்கும் நடுத்தரமா இருக்குறவங்களுக்கும் செலவுல வித்தியாசம் தெரிஞ்சுது, அதுக்கு மேல அசைவு கூடக் கூட செலவு அந்த அளவுக்கு ஏறல. உடம்பு வேற எங்கயோ சிக்கனம் பிடிக்குதுங்கிறதுதான் அவரோட விளக்கம். தேவையில்லாத அழற்சி, பதட்டத்துல சுரக்குற ஹார்மோன் மாதிரி இடங்கள்ல செலவைக் குறைச்சு நடைக்குக் குடுக்குதுன்னு சொல்றார். அது சரின்னா அந்தச் சிக்கனமே உடம்புக்கு நல்லதுதானே?

இப்போ எல்லாரும் விட்டுடுற பகுதிக்கு வர்றேன். இந்த ஈடுகட்டுறது முழுசா நடக்குதாங்கிறதை 2021ல 1,754 பெரியவங்களோட அளவுகளை வெச்சுப் பாத்தாங்க, அந்தக் குழுவுல பான்ட்சரும் இருந்தார். சராசரியா 28 சதவீதம்தான் உடம்பு திருப்பி எடுத்துக்குது. அதாவது நீங்க 100 கலோரிக்கு நடந்தா 72 கலோரி நிஜமாவே கூடுதல் செலவுதான். உடம்புல கொழுப்பு அதிகமா இருக்குறவங்களுக்கு ஈடுகட்டுறது இன்னும் அதிகம்னும் தெரிஞ்சுது, அதுவும் அந்தந்த ஆளைப் பொறுத்து மாறும். இன்னொண்ணு, இதெல்லாம் பெரும்பாலும் வேற வேற ஆளுங்களை ஒப்பிட்டு எடுத்த முடிவு, ஒரே ஆள் நடக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எப்படின்னு எடுத்தது இல்ல. அதனால நடந்தா கலோரியே போகாதுன்னு சொல்றவங்க அந்த ஆய்வுக் கட்டுரையைப் படிக்காம தலைப்பை மட்டும் படிச்சவங்க.

எனக்கு வருத்தம் என்னன்னா, உடற்பயிற்சி கண்டிப்பா வேணும்னு பான்ட்சரே திரும்பத் திரும்ப சொல்றார், அதை யாரும் எடுத்துப் போடுறதில்ல. எடை குறைக்க சாப்பாடு, உடம்பு நல்லா ஓட நடை, ரெண்டுக்கும் வேலை வேறங்கிறதுதான் அவர் சொல்றது. அந்த ஹட்சா மக்கள்கிட்ட உடல் பருமனும் இதய நோய்க்கான அறிகுறிகளும் ரொம்பவே கம்மி.

கணக்குவழக்கு:

ஈரமண் அண்ணா, உங்க நடையில தப்பே இல்ல, நீங்க போட்ட கணக்குலதான் தப்பு. அந்த 7,700ங்கிறது 1958ல மேக்ஸ் விஷ்நாஃப்ஸ்கிங்கிற டாக்டர் எழுதினதுல இருந்து வந்தது, அவர் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரின்னு சொன்னார், அதைக் கிலோவுக்கு மாத்தினா இது. கொழுப்புல இருக்குற எனர்ஜின்னு பாத்தா தப்பில்லாத நம்பர்தான், ஆனா அதை எடுத்து இத்தனை நாள் நடந்தா இத்தனை கிலோன்னு நேர்கோட்டுல பெருக்கக் கூடாது. எடை குறையக் குறைய உடம்போட செலவும் குறையுது, அந்தப் பெருக்கல்ல அது வரவே வராது. அந்தக் கணக்கை நம்பினா நீங்க 30 வருஷம் நடந்தா உடம்பே மிச்சம் இருக்காது.

கெவின் ஹால்னு ஒரு ஆராய்ச்சியாளர், இயற்பியல் படிச்சுட்டு உடல் எடை பக்கம் வந்தவர், 2011ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு கணித மாடல் போட்டார். அதோட சுருக்க விதி இதுதான்: ஒரு நாளைக்கு 24 கலோரி நிரந்தரமா மாத்தினா கடைசியில ஒரு கிலோ மாறும், ஆனா அதுல பாதி வர ஒரு வருஷம் ஆகும், முழுசா வர ஏறக்குறைய மூணு வருஷம்.

இப்போ உங்க நம்பரைப் போடுறேன். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிட்டுப் போக, சும்மா இருக்குறதை விட அரை கலோரி கூட ஆகும்னு வெச்சா 82 கிலோவுக்கு 4 கிலோமீட்டருக்கு 164 கலோரி. அதுல 28 சதவீதம் உடம்பு திருப்பி எடுத்துக்கிட்டா மிச்சம் 118. அதை 24ஆல வகுத்தா கடைசியா குறையப்போறது 5 கிலோவுக்கு பக்கம். ஒரு வருஷத்துல பாதின்னா இரண்டரை, எட்டு மாசத்துக்கு 1.8 கிலோ வருது. உங்களுக்கு குறைஞ்சது 2.

அதாவது நடை மட்டும் என்ன குடுக்குமோ அது அப்படியே உங்களுக்கு கிடைச்சிருக்கு. ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன், இவ்வளவு பொருந்தும்னு நானே நினைக்கல. சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும், நீங்க நடந்ததுக்காக கூட சாப்பிட்டிருந்தா இதுவும் வந்திருக்காது.

ஈரமண்:

கணக்குவழக்கு தம்பி, உங்க பதிலைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். எட்டு மாசமா என் உடம்புல என்னமோ கோளாறுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன், தைராய்டு டெஸ்ட்கூட எடுத்தேன். நீரோட்டம் மேடம், அவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு ரொம்ப நன்றி.

அப்போ சாப்பாட்டுல என்ன பண்ணணும்? மாவுச்சத்தைக் குறைக்கணுங்கிறாங்க, கொழுப்பைக் குறைக்கணுங்கிறாங்க, யார் சொல்றதைக் கேக்குறதுன்னு தெரியல. நான் அளவா சாப்பிடுறேன்னுதான் நினைக்கிறேன்.

வெண்பனி:

டயட்டீஷியனா இருக்கேன், அதனால இதுக்கு நான் சொல்றேன்.

மாவுச்சத்தா கொழுப்பாங்கிற சண்டைக்கு கிறிஸ்டோபர் கார்ட்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு செஞ்சு 2018ல வெளியிட்டார், 609 பேர், ஒரு வருஷம். கொழுப்பைக் குறைச்சவங்களுக்கு சராசரி 5.3 கிலோ போச்சு, மாவுச்சத்தைக் குறைச்சவங்களுக்கு 6.0 கிலோ. புள்ளியியல்படி பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஒவ்வொரு குழுவுக்குள்ளயும் சிலருக்கு 25 கிலோவுக்கு மேல குறைஞ்சுது, சிலருக்கு ஏறவே செஞ்சுது. அதனால உங்களால வருஷக்கணக்கா எதை விடாம செய்ய முடியுமோ அதை எடுத்துக்குங்க. ரெண்டு குழுவுக்கும் சேத்து சொன்ன விஷயம் ஒண்ணு இருக்கு: சர்க்கரையையும் மைதா மாதிரி தீட்டின மாவையும் குறைங்க, காய்கறியைக் கூட்டுங்க.

தம்பி சொன்ன அதே கெவின் ஹால் 2019ல வெளியிட்ட ஆய்வைத்தான் நான் என்கிட்ட வர்ற எல்லாருக்கும் சொல்றேன். 20 பேரை நாலு வாரம் ஆஸ்பத்திரி வார்டுலயே தங்க வெச்சு, ரெண்டு வாரம் ஃபேக்டரியில தயாரிச்ச அல்ட்ரா ப்ராசஸ்டு சாப்பாடு, ரெண்டு வாரம் முழு உணவுகளை வெச்சு சமைச்ச சாப்பாடு. தட்டுல வெச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ரெண்டுலயும் ஒரே அளவு. எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க, வேணாம்னா வெச்சிடுங்கன்னு விட்டுட்டாங்க. அல்ட்ரா ப்ராசஸ்டு வாரங்கள்ல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 500 கலோரி அதிகமா உள்ள போயிருக்கு, 0.9 கிலோ ஏறியிருக்கு. மத்த ரெண்டு வாரத்துல அதே 0.9 கிலோ இறங்கியிருக்கு. யாரும் வேணும்னு கூட சாப்பிடல, யாரும் வாயைக் கட்டவும் இல்ல. சாப்பிடுற வேகமே அந்த வாரங்கள்ல கூடியிருந்துச்சு.

உங்க நடை ஒரு நாளைக்கு 164 கலோரி, பாக்கெட் சாப்பாடு 500. அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அளவா சாப்பிடுறேன்னு நினைக்கிறேன்னு சொன்னீங்க இல்ல, அதைப் பத்தியும் சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. 1992ல ஒரு ஆய்வு, எவ்வளவு கம்மியா சாப்பிட்டும் எடை குறையலன்னு சொன்ன 10 பேர். டபுளி லேபிள்டு வாட்டர் வெச்சுப் பாத்ததுல அவங்க சாப்பிட்டதை சராசரியா 47 சதவீதம் குறைச்சு சொல்லியிருந்தாங்க, செஞ்ச உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டி சொல்லியிருந்தாங்க. பொய் சொல்லணும்னு சொன்னவங்க இல்ல அவங்க, மனுஷ ஞாபகமே அப்படித்தான், என்னை எழுதச் சொன்னாலும் விட்டுப்போகும். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், வாய்க்குள்ள போறதை அப்பவே போட்டோ எடுத்து வெச்சுட்டு அப்புறம் உட்கார்ந்து பாருங்க.

தூரத்துமேகம்:

20 பேர், ரெண்டு வாரம். இதை வெச்சு எப்படிங்க ஊருக்கே அறிவுரை சொல்றீங்க? மத்தபடி நான் முதல்ல சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க, சாப்பாடுதான்னு.

வெண்பனி:

கேள்வி நியாயம்தான். ஆனா ஆயிரக்கணக்கான பேர்கிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டு எழுதுற ஆய்வுல அந்த 47 சதவீதப் பிரச்சினை இருக்கு. இதுல ஒவ்வொரு தட்டையும் வெக்கிறப்பவும் எடுக்கிறப்பவும் எடை போட்டாங்க, ஒரே ஆள் ரெண்டு சாப்பாட்டையும் சாப்பிட்டார். பல மாசத்துக்கு இது இப்படியே நீடிக்குமான்னு இதை வெச்சு சொல்ல முடியாது, அதை ஒத்துக்கிறேன். சாப்பாடுதான் பெருசுங்கிறதுலயும் உங்க கூட சண்டை இல்ல. நடையை விட்டுட்டு தூங்குங்கன்னு சொன்னீங்களே, அதுலதான் சண்டை.

பாதிவழி:

எனக்கு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது, அனுபவத்தை சொல்றேன். 104 கிலோவுல இருந்து 79க்கு வந்தேன், அஞ்சு வருஷமா 80, 81லதான் நிக்குது. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை 20 கிலோ குறைச்சு ரெண்டு தடவையும் மொத்தமும் திரும்ப வந்துச்சு, அப்போ எல்லாம் சாப்பாட்டை மட்டும்தான் பாத்தேன், எடை இறங்கினதும் அப்பாடான்னு உட்கார்ந்துட்டேன். இந்த தடவை குறைக்கிறதுக்கு சாப்பாடு, குறைஞ்சதைப் பிடிச்சு வெக்கிறதுக்கு நடையும் சைக்கிளும்னு முடிவு பண்ணினேன். முதல் வருஷம் நடையால எடையில ஒண்ணும் பெருசா தெரியல, ஆனா ரெண்டாவது வருஷத்துல எப்பவும் ஏறுற நேரத்துல ஏறல, அப்பதான் புரிஞ்சுது.

நீரோட்டம்:

பாதிவழி, உங்க அனுபவத்துக்கு ஆராய்ச்சியும் இருக்கு. ஒரு டிவி போட்டியில எடை குறைச்ச 14 பேரை கெவின் ஹால் குழு ஆறு வருஷம் கழிச்சு அளந்தாங்க. குறைச்சது சராசரி 58 கிலோ, அதுல 41 கிலோ திரும்ப வந்திருந்துச்சு, ஓய்வுல இருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரியும் எதிர்பார்க்கிறதை விட ஒரு நாளைக்கு 500 கிட்ட கம்மியாவே இருந்துச்சு. 2016ல வந்த இந்தச் செய்திதான் எல்லா இடத்துலயும் ஓடுச்சு. அதே ஆளுங்களைப் பத்தி மறு வருஷம் வந்த ஆய்வுக் கட்டுரை அவ்வளவா ஓடல. எடையைத் தக்க வெச்சவங்க போட்டிக்கு முன்னாடி இருந்ததை விட உடலுழைப்பை 160 சதவீதம் கூட்டியிருந்தாங்க, திரும்ப ஏறினவங்க 34 சதவீதம்தான். சாப்பாட்டு அளவுல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நீங்க சொல்றதேதான்.

ஈரமண் சாருக்கு கடைசியா ரெண்டு விஷயம். சர்க்கரை எல்லையில இருந்த 3,234 பேரை வெச்சு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு நடந்து 2002ல முடிவு வந்துச்சு. உடல் எடையில 7 சதவீதம் குறைக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது செய்யணும், இதுதான் இலக்கு. அப்படி செஞ்ச குழுவுக்கு சர்க்கரை நோய் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது, மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிட்ட குழுவுக்கு 31 சதவீதம். உங்களுக்கு 7 சதவீதம்னா 6 கிலோவுக்கும் கம்மி, அதுல 2 போயாச்சு. நடையில நீங்க அந்த 150ஐத் தாண்டி ரெண்டு மடங்கு செய்றீங்க. மிச்சம் இருக்குறது வெண்பனி சொன்ன சாப்பாட்டு வேலைதான்.

ரெண்டாவது, ஜெரி மாரிஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் செஞ்ச ஆய்வு. அந்தக் காலத்து லண்டன் டபுள் டெக்கர் பஸ்ல டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கம்மி, அதுல சாவுறதும் கம்மின்னு 1953ல வெளியிட்டார், உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதல் முதலா பெரிய அளவுல காட்டினதே அதுதான். டிரைவருங்க குண்டா இருந்ததால அப்படியோன்னு சந்தேகம் வந்துச்சு, அதைப் பாக்க அவங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கக் குடுத்த பேன்ட் அளவுகளை எடுத்துப் பாத்தாங்க. டிரைவருங்க இடுப்பு பெருசுதான். ஆனா ஒரே இடுப்பளவு இருக்குற டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டாலும் கண்டக்டருக்குத்தான் ஆபத்து கம்மியா இருந்துச்சு. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடிச்ச ஆய்வு இது, ஒரு தையல்கடைக் கணக்கை வெச்சு எவ்வளவு பெரிய கேள்விக்கு பதில் தேடியிருக்காங்க பாருங்க. மாரிஸே அதுக்கப்புறம் விடாம உடற்பயிற்சி செஞ்சு 99 வயசு வரைக்கும் இருந்தார்.

எடை மெஷின் கொழுப்பையும் தசையையும் பிரிச்சுக் காட்டாது, வயித்துக்குள்ள உறுப்புகளைச் சுத்தி இருக்குற கொழுப்பு நடையால குறையும்போது மெஷின்ல முள்ளு அசையாமலே இருக்கலாம். சர்க்கரைக்கு அந்தக் கொழுப்புதான் முக்கியம். இடுப்பு அளந்து பாத்தீங்களா? ஹெச்பிஏ1சி மறுபடி எப்போ எடுத்தீங்க?

ஈரமண்:

ரெண்டுமே செய்யல மேடம். எடை குறையாம சுகர் டெஸ்ட்டுக்குப் போறதுக்கே பயமா இருந்துச்சு, தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன். டேப்பும் வீட்டுல இல்ல. ஆனா நீங்க பேன்ட் கதை சொன்னதும் எந்திரிச்சுப் போய் பெல்ட்டைப் பாத்தேன். பழைய ஓட்டையில இருந்து ரெண்டு ஓட்டை உள்ள வந்திருக்கு, எப்போ மாத்தினேன்னுகூட ஞாபகம் இல்ல.

திங்கக்கிழமை வெறும் வயித்துல போய் எல்லா டெஸ்ட்டும் குடுக்கிறேன். வெண்பனி மேடம், போட்டோ இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல இருந்து ஆரம்பிச்சாச்சு. ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுறேன்.